பேர் போட்டு எழுதிய பிராது

இலையைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று ஆண்டிமடம் கடைத்தெருவில் சொல்லிப் பாருங்கள், சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விழுந்த இலையைக் கூட்டிக் குப்பையில் கொட்டத்தான் நமக்குத் தெரியும். ஜப்பான்காரர்கள் அப்படி இல்லை. நவம்பர் பிறந்துவிட்டால் போதும், கைக்குழந்தை முதல் கைத்தடிக் கிழவர் வரை கிளம்பிவிடுகிறார்கள். மலைமேல் இருக்கிற கோயில்களில் மேப்பிள் மரமெல்லாம் ரத்தச் சிவப்பாக நிற்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ஆகா என்று ஒரு மூச்சு விட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேறு வேலை ஒன்றும் கிடையாது.

"ஏன்டி, நம்மூரு முந்திரிக் கொழுந்தும் இப்படித்தான செவக்கும்? எவனாச்சும் ஒரு போட்டோ எடுத்திருப்பானா?" என்றாள் ஜோதி, அப்படி ஒரு கோயிலின் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே.

"எடுக்க மாட்டான். கொட்டை எப்ப வரும்னுதான் பாப்பான்" என்றாள் ஹேமலதா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்து வைத்தாள். ஆனால் அவள் கண் மரத்தில் இல்லை. ஜோதியின் இடது காலில் இருந்தது.

மூன்று பேரும் ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார்கள். வயசானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. ஒரே வீட்டில் குடியிருந்தாலும் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி டூட்டிக்குப் போவாள். மூவருக்கும் ஒரே நாளில் லீவு என்பது அத்தி பூத்த மாதிரி. அப்படி ஒரு நாள் கிடைத்ததும் பெரம்பலூர்க்காரி ஹேமலதா விடவில்லை. மூன்று கோயில், மத்தியானச் சாப்பாடு, திரும்ப வருகிற ரயில் நேரம் எல்லாவற்றையும் செல்போனில் எழுதி வைத்துக்கொண்டு இழுத்து வந்துவிட்டாள். முதல் கோயில் முடிந்து இது இரண்டாவது. முதல் கோயில் சமதரையில் இருந்தது. இது மலைக்கோயில்.

படி ஏறும்போது ஜோதி வலது காலை முதலில் வைப்பாள். பிறகு இடது காலைத் தூக்கி அதே படியில் சேர்ப்பாள். பிறகு மறுபடி வலது. சின்னப்பிள்ளை படி ஏறுகிற மாதிரி. அந்தக் காலுக்குள் ஒரு தகடும் ஏழு ஸ்குரூவும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அந்தக் கால் மேலே ஏறும்போதும் மணிமொழியும் அதே படியில் நின்றுவிடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. அவளுக்கு ஒரு வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துக் கடைசியில் காட்டுகிற வித்தை எனக்கு வராது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூரில், புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், ஜப்பானிய மொழி வகுப்பு நடந்தது. நர்சிங் படித்த பெண்களைச் சேர்த்து, மொழி சொல்லிக்கொடுத்து, ஜப்பானுக்கு அனுப்பி வைக்கிற ஒரு ஆபீஸ். அங்கேதான் ஆண்டிமடத்து மணிமொழியும் மீன்சுருட்டி ஜோதியும் சிநேகிதமானார்கள். ஒரே டிபன் டப்பா, ஒரே நோட்டு. எவ்வளவு ஒட்டுதல் என்றால், வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு சேதியை மணிமொழி ஜோதியிடம் சொன்னாள். ஒன்பது வயசு வரைக்கும் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது, மாத்திரைகூட இல்லை. ஆனாலும் அது வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா ரெங்கம்மாள் தலையில் அடித்துச் சொல்லியிருந்தாள்.

தெரிந்துவிட்டது. ஜோதி, மணிமொழி இரண்டு பேரையும் ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்து, விசாவுக்குப் போட இருந்த வாரத்தில், ஆபீசுக்கு யாரோ போன் போட்டு வலிப்பு விவகாரத்தைச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ்காரர்கள் மணிமொழியின் பேரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள்? வீட்டுக்கு வெளியே விஷயம் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மணிமொழி மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் அழுதாள். நாலாம் நாள் எழுந்து, "நான் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன்" என்றாள்.

விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிற அந்த முருகனைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆடு திருடு போனாலும் சரி, புருஷன் ஓடிப்போனாலும் சரி, போலீஸ் ஸ்டேஷனில் வேலைக்காகாவிட்டால் அங்கே போவார்கள். ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரியே, இன்ன ஊர் இன்னார் மகள் இன்னார் எழுதிக்கொண்ட பிராது என்று வெள்ளைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, திருநீறு மடித்து, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஒரு விதி மட்டும் உண்டு. பிரச்சினை தீர்ந்தால், இல்லை பிராது தப்பு என்று தெரிந்தால், கட்டினவர்தான் நேரில் வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். அதுவரைக்கும் கேஸ் நடந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு ரெங்கம்மாளும் கூட வந்தாள். கோயில் வாசலில் உட்கார்ந்து மணிமொழி எழுதினாள். 'என் பயணத்தைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும்' என்று ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்த ரெங்கம்மாள், "என்ன எழுதியிருக்க, படி" என்றாள். படித்துக் காட்டினாள்.

"யாரா இருந்தாலும்னு எழுதாதடி. பேர் போட்டு எழுது. பேர் போடாம எழுதுனா சாமிக்கு எப்படித் தெரியும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. அடித்துவிட்டு, 'மீன்சுருட்டி கண்ணையன் மகள் ஜோதி' என்று எழுதினாள். 'நான் போகாத ஊருக்கு அவளும் போகக் கூடாது. அவள் கால் அந்த மண்ணை மிதிக்கக் கூடாது' என்று எழுதினாள். கட்டினாள். வந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், ஜெயங்கொண்டம் ரோட்டில், அண்ணன் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போன ஜோதியை ஒரு சுண்ணாம்புக்கல் லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. அண்ணனுக்குச் சிராய்ப்பு. ஜோதிக்கு இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு துண்டு. விசா வந்தது, டிக்கெட் வந்தது, அவள் கட்டிலில் கிடந்தாள்.

சேதி வந்ததும் மணிமொழிக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சொல்லவே நாக்கூசுகிறது. 'சாமி இருக்கு' என்றுதான் தோன்றியது. ஒரு ராத்திரி முழுக்க அப்படி இருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஜோதி அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு அப்படி ஆயிடுச்சேன்னு நெனச்சி அழுதுட்டு இருந்தன்டி, எனக்கும் இப்படி ஆயிடுச்சி பாரு" என்று விசும்பினாளே, அப்போதுதான் ஏதோ ஒன்று உள்ளே புரண்டது.

அதற்குப் பிறகு நாலு மாசம், வாரம் ஒரு தடவை, ஆண்டிமடத்திலிருந்து பஸ் பிடித்து மீன்சுருட்டிக்குப் போனாள். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு ஜோதி அவளுக்கு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுத்தாள். "சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான்டி வந்த" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மணிமொழி தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். கால் கூடி நடக்க ஆரம்பித்தபிறகு இருவரும் மறுபடி வகுப்பில் சேர்ந்து, வேறொரு கம்பெனியில், இந்தத் தடவை மூளை ஸ்கேன் வரைக்கும் எடுத்துக் காட்டி, ஹேமலதாவோடு ஒன்றாகவே விமானம் ஏறினார்கள். பிராதுத் தாள் விருத்தாசலம் பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

போய் வாபஸ் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் வாபஸ் வாங்கினால், தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 'குத்தம் பண்ணாதவளுக்கா சாமி இப்படிப் பண்ணும்' என்ற ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். ஜோதியோடு ஒரே கூரையின் கீழ் ஒரு வருஷம் இருந்தபிறகு அந்தச் சாக்கும் நைந்துபோயிற்று. இவள் போட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை என்பது மணிமொழிக்குத் தெரிந்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆனபிறகு, சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது மலைக்கோயிலுக்கு வருவோம்.

மேலே போனதும் ஒரு பக்கம் வரிசையாக மரச்சட்டம் அடித்து, அதில் உள்ளங்கையளவு மரப்பலகைகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. வேண்டுதலை எழுதித் தொங்கவிடுகிற பலகை. எமா என்று பேர். ஹேமலதா பார்த்ததும் கைதட்டினாள்.

"ஏய், இங்க பாருங்கடி, நம்ம ஊரு பிராது! அப்படியே கொளஞ்சியப்பர் கோயிலு!"

மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோதி மட்டும், "பிராது இல்லடி லூசு, இது வேண்டுதலு. அது திட்டி எழுதுறது, இது கேட்டு எழுதுறது" என்று சொல்லி, ஒரு பலகையும் பேனாவும் வாங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உங் காலுக்கு எழுது" என்றாள் ஹேமலதா. "தை மாசம் ஆப்பரேஷன் இருக்குல்ல?"

ஜனவரியில் ஊருக்குப் போய், திருச்சியில் காலைத் திறந்து தகட்டை எடுக்க வேண்டும். ஒரு ஸ்குரூ நகர்ந்து நரம்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஜாக்கிரதையாகத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஜோதி ராத்திரியில் புரண்டு புரண்டு படுக்கிறாள் என்பது பக்கத்துப் படுக்கை மணிமொழிக்குத் தெரியும்.

"எனக்கு நான் எழுதிக்கிட்டா பலிக்காது" என்றாள் ஜோதி. தமிழிலேயே எழுதினாள், குண்டு குண்டாக. எழுதி முடித்து மணிமொழியிடம் நீட்டினாள். 'ஆண்டிமடம் ரெங்கம்மாள் அம்மாவுக்கு முட்டு வலி தீர வேண்டும்.'

"எங்கம்மாவுக்கா?"

"நேத்து போன்ல பேசுறப்ப எந்திரிக்க முடியலன்னாங்களே, பாவம்."

"சரி, அதுக்கு எதுக்கு ஊரு பேரெல்லாம்?" என்று ஹேமலதா கேட்டாள்.

"பேர் போடாம எழுதுனா சாமிக்கு எப்படிடி தெரியும்? அதுவும் ஜப்பான் சாமிக்கு!"

அவ்வளவுதான். மணிமொழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹேமலதா பயந்துபோய், தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு, தண்ணீர் வாங்க ஓடினாள். அவள் போனதும் மணிமொழி எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே, முன்னும் பின்னுமாக, பேர் போட்டது, கால் என்று எழுதினது, பன்னிரண்டாம் நாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பான்கார அம்மாள், ஏதோ கெட்ட சேதி போல என்று நினைத்து, தலையைக் குனிந்து வணங்கிவிட்டுத் தள்ளிப் போனாள்.

ஜோதி பேனாவை மூடிப் பெஞ்சில் வைத்தாள். பிறகு, "மூணு வருசமா அந்த லாரிக்காரன நெனச்சி நெனச்சி சாபம் விட்டுக்கிட்டு இருக்கன்டி" என்றாள். "பிராதுனால கால் ஒடிஞ்சிதோ, காக்கா உக்காந்து பனம்பழம் வுழுந்த கததானோ, அது எனக்குத் தெரியாது. நீ எழுதுனியே. அந்தக் கையால என் வூட்டுல வந்து சோறு தின்னியே. ஒரு வருசமா எம்பக்கத்துல படுக்குற, எப்படிடி தூக்கம் வந்துச்சி ஒனக்கு?"

"வரல ஜோதி."

"எனக்கென்ன தெரியும், கண்ண மூடிக்கிட்டுத்தான கெடந்த."

மணிமொழி அவள் காலைத் தொடப் போனாள். ஜோதி காலை இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பிராது கட்ட நீ மட்டுமா போன?"

"இல்ல. அம்மாவும் வந்தாங்க."

"எம்பேர நீயாத்தான் எழுதுனியா?"

"மொதல்ல எழுதல. அம்மாதான் பேர் போட்டு எழுதச் சொன்னாங்க."

"அம்மாவா?"

"ஆமா."

ஜோதியின் முகம் என்னவோ மாதிரி ஆனது. கோபம் இல்லை, கோபமாக இருந்திருந்தால் மணிமொழிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையிலிருந்த பலகையை ரொம்ப நேரம் பார்த்தாள். அதை இரண்டாக ஒடிக்கப் போகிறாள் என்றுதான் மணிமொழி நினைத்தாள். ஜோதி பெஞ்சைப் பிடித்து எழுந்தாள், நொண்டி நொண்டிச் சட்டத்துக்குப் போனாள், கொக்கியில் பலகையை மாட்டினாள். தண்ணீர் பாட்டிலோடு வந்த ஹேமலதா விவரம் தெரியாமல், "அப்படியே நில்லு, அப்படியே நில்லு" என்று ஒரு போட்டோ எடுத்தாள். பலகை, பின்னால் சிவப்பு இலை, ஜோதியின் பாதி முகம்.

"ஆப்பரேஷனுக்கு முன்னாடி அத வாபஸ் வாங்கு" என்றாள் ஜோதி, மணிமொழியைப் பார்க்காமல். "மயக்க ஊசி போட்டுப் படுத்திருக்கையில என் பேரு அங்க தொங்கக் கூடாது. அதுக்கப்புறம் பேசுறதா வேணாமான்னு பாக்கலாம்."

மூன்றாவது கோயிலுக்கு யாரும் போகவில்லை. திரும்பி வந்த ரயிலில் ஹேமலதா தன் பட்டியலைப் பார்த்து, உங்களுக்கு என்னதான்டி ஆச்சு என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஒரே வீட்டில் பேச்சு இல்லை. ஜோதி தன் சோற்றைத் தனியாக வைத்துக்கொண்டாள். ராத்திரி அவள் புரளுகிற சத்தம் கேட்கும். மணிமொழி இந்தப் பக்கம் கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள். கண்ணை மூடினால் அவள் சொன்ன வார்த்தை குத்தியது. ஜனவரி முதல் வாரம் ஜோதி ஊருக்குப் போனாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பத்து நாள் லீவு வாங்கி, பின்னாலேயே மணிமொழியும் வந்து சேர்ந்தாள். ஆப்பரேஷன் வெள்ளிக்கிழமை காலை. அவள் ஆண்டிமடத்தில் இறங்கியது புதன்கிழமை.

"அம்மா, நாளைக்கிக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும்."

ரெங்கம்மாள் மகளுக்குக் கறி எடுத்து வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. "எதுக்கு?"

"பிராது வாபஸ். ஜோதி அத செய்யலம்மா. எனக்குத் தெரியும்."

"இப்ப என்ன அவசரம்? களைச்சிப் போயி வந்திருக்க. அவளுக்கு ஆப்பரேஷன் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"முடியறதுக்கு முன்னாடிதாம்மா வாங்கணும்!"

"நாளைக்கி நாளு நல்லா இல்ல" என்றாள் ரெங்கம்மாள். கொஞ்சம் கழித்து, முட்டு வலிக்கிறது, பஸ் ஏற முடியாது என்றாள். நீ வர வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்று மணிமொழி சொன்னதும், மறுநாள் விடியற்காலையில் அவளுக்கு முன்னால் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் மணிமொழி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் முந்திரி கொழுந்து விட்டுச் சிவந்திருந்தது. மணிமொழி இதுவரைக்கும் அதை ஒரு மரமாகக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள், பார்க்கப் பிடிக்கவில்லை. கோயில் வாசலுக்குப் போனதும் ரெங்கம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மறுத்தாள்.

"அம்மா, என்னதான் ஆச்சு ஒனக்கு?"

"வாபஸ் வாங்காதடி." ரெங்கம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். "அவ பேர எடுத்துட்டின்னா சாமி சும்மா இருக்காது. அப்ப யாருன்னு பாக்கும்."

"பாக்கட்டுமே. யாரு செஞ்சாங்களோ அவங்களப் பாக்கட்டும்."

"அதான்டி..." என்றாள் ரெங்கம்மாள். தன் நெஞ்சில் கையை வைத்தாள்.

மணிமொழி அம்மாவின் பிடியை உதறினாள்.

"அப்ப ஒங்கப்பா செத்து ஒரு வருசம்கூட ஆவல" என்றாள் ரெங்கம்மாள். "ஆத்தாக்காரி தனியாக் கெடந்து சாவட்டும்னு நீயும் போயிட்டா, நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பன்? நீ போறன்னு சொன்ன நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. கெட்ட புத்தி. ஆபீசுக்கு நான்தான் போன் போட்டுப் பேசிட்டன். நீ அழுவுறதப் பாத்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தன். நீ பிராது கட்டப் போறன்னுட்ட. பேர் போடாம எழுதுற. சாமி என்னயத் தேடிக்கிட்டு வருமேன்னு பயம். அதான்... அந்தப் புள்ள பேரச் சொன்னன்."

"பெத்த மவ கையால, ஒரு பாவமும் செய்யாதவ பேர எழுத வெச்சிருக்கியேம்மா!"

பூ விற்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணிமொழிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ரெங்கம்மாள் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"ஆபீஸ் நம்பர் எனக்கு ஏது? அவகிட்டதான் போன் போட்டு வாங்குனன். ஒரு வெவரம் கேக்கணும்னு. நல்லபுள்ளையாக் குடுத்தா. கால்ல கட்டோட கெடந்தப்ப நீ இல்லாத நேரம் ஒருநாளு பாக்கப் போனன். 'அம்மா, நீங்களா பேசுனீங்க?'ன்னு கேட்டா. மறைக்க முடியல. மணிகிட்ட சொல்லிடாத ஆயி, அவ என்னய வெறுத்துடுவான்னு அழுதன். 'சொல்ல மாட்டன், போங்க'ன்னா. பிராத மட்டும் நான் அவகிட்ட சொல்லல."

மலைக்கோயில் பெஞ்சில் ஜோதி கேட்ட கேள்வி இப்போதுதான் மணிமொழிக்கு விளங்கியது. நீ மட்டுமா போன? எம்பேர நீயாத்தான் எழுதுனியா? அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், 'உங்கம்மாதான்டி செஞ்சது' என்று ஒரு வார்த்தை ஜோதி சொல்லியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். யாருக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாளோ அந்த ரெங்கம்மாளே தன் பேரை வேலில் கட்டச் சொன்னவள் என்று அப்போதுதான் ஜோதிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை.

மணிமொழி உள்ளே போனாள். ராஜினாமா எழுதினாள். 'கண்ணையன் மகள் ஜோதி குற்றமற்றவர். நான் தவறாக எழுதிய பிராதைத் திரும்பப் பெறுகிறேன். தண்டனை இருந்தால் அது எழுதிய கைக்கு வரட்டும்.' ஜோதியின் பேரை மட்டும் மறுபடி ஒருமுறை திருத்தமாக எழுதினாள்.

தாளை வாங்கிப் பார்த்த ஆள், எத்தனையோ ராஜினாமா பார்த்தவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கேட்டார்: "செஞ்சது யாருன்னு தெரிஞ்சிபோச்சாம்மா?"

"தெரிஞ்சிபோச்சிங்க."

"அவங்க மேல புதுசா ஒண்ணு கட்டணுமா?"

"வேணாங்க" என்றாள் மணிமொழி.

வெளியே வந்து ஜோதிக்குப் போன் போட்டாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள். எடுத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"வாபஸ் வாங்கிட்டன் ஜோதி."

"ம்."

"அம்மா... எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

கட் செய்துவிட்டாளோ என்று மணிமொழி போனை எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத" என்றாள் ஜோதி கடைசியில். "நீ இப்ப அவங்ககூட சண்ட போட்டுட்டுக் கெளம்புனா, நான் மூணு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு என்னடி அர்த்தம்?"

"என்ன மன்னிச்சிடு ஜோதி."

"அதெல்லாம் இப்ப தெரியாது. எனக்கு இன்னும் ஆத்தரம் ஆறல. ஒம்மேலயும், அவங்க மேலயும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நாளைக்கிக் காலைல எட்டு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. வந்தா ஏழுக்கெல்லாம் வந்துடு. வெறுங்கையோட வா, பழம் கிழம்னு வாங்கிட்டு வராத, திங்க முடியாது."

போனை வைத்தபோது ரெங்கம்மாள் மரத்தடியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. மணிமொழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு வாய்நிறைய வார்த்தை இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. செல்போனைத் திறந்து, ஹேமலதா எடுத்த அந்தப் போட்டோவைத் தேடி, அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இது யாரு, அந்தப் புள்ளயா? பின்னாடி என்ன இவ்ளோ செவப்பா இருக்கு?"

"எலதாம்மா. அங்க ஒரு கோயிலு. நான் பிராது கட்டினத அவகிட்ட சொன்னப்பறம் எடுத்தது. நீதான் பேர் போடச் சொன்னன்னும் சொன்னப்பறம்."

ரெங்கம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பலகையின் மேல் விரலை வைத்தாள். "இதுல என்னமோ எழுதியிருக்கே. நம்ம எழுத்து மாதிரி இருக்கு. பிராதா?"

"வேண்டுதலு. ஒன் முட்டு வலி தீரணுமாம்."

ரெங்கம்மாளின் விரல் அந்த இடத்திலேயே நின்றது. அவள் நிமிரவில்லை. அப்படியே கேட்டாள்:

"எனக்குன்னு அந்த சாமிக்கு எப்படித் தெரியும்?"

"பேர் போட்டுத்தாம்மா எழுதியிருக்கா" என்றாள் மணிமொழி.